மலையில் மழை, திருமலையில் கச்சான்
வீட்டுத்தோட்டத்துக்கு ஒரு மாதக் கணக்கு



1977, 1983 ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து இறங்கிப் போன நம்மவர் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலை மாவட்டங்களில் குடியேறின. இன்றும் நம் லயங்களில் சில வீடுகளுக்குத் திருமலைப் பக்கம் அண்ணனோ சித்தியோ மருமகளோ உண்டு. போகும்போது ஒரு பூங்கன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போவதும் நம் வழக்கம். "எவ்வளவு தண்ணி ஊத்தியும் கருகிப் போச்சு" என்ற பதில்தான் பிறகு வரும். ஏன் கருகுகிறது? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

ஒரே காற்று, இரண்டு குணம்

வைகாசி பிறந்தால் அட்டன், வட்டவளைப் பக்கம் மழை விடாது. படங்கைக் கட்டிக்கொண்டுதான் மலைக்கு ஏற வேண்டும். இம்மழையைக் கொண்டுவருவது தென்மேற்குப் பருவக்காற்று. அந்தக் காற்று நம் மலைகளில் மோதி, ஈரத்தையெல்லாம் இங்கே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மறுபக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. திருமலையில் அதற்குப் பெயர் கச்சான். நமக்கு மழையாக வரும் காற்றுத்தான் அங்கே இலையைக் கருக்குகிறது.

வட்டவளையில் ஆண்டுக்குச் சுமார் 5,000 மில்லிமீற்றர் மழை. திருகோணமலையில் ஏறக்குறைய 1,600 தான். அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றோடு வந்துவிடும். ஆகவே நாம் சொல்ல வருவது ஒன்றே: பழகிய கை மாற வேண்டாம், மாதக் கணக்கு மாற வேண்டும். தவறணையில் கன்று வளர்த்த கை, கவ்வாத்து வெட்டிய கை, கான் வெட்டிய கை எங்கே போனாலும் உதவும்.

புரட்டாதி – ஐப்பசி: ஆயத்தம்

கடலோர மண் பெரும்பாலும் மணல். ஊற்றிய தண்ணீரும் போட்ட உரமும் கீழே ஓடிவிடும். மழைக்கு முன் குழி தோண்டி, அடியில் தேங்காய்ப் பொச்சுகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். பொச்சு தண்ணீரைப் பஞ்சுபோலப் பிடித்துவைக்கும். அதன்மேல் மக்கிய சாணமும் இலைக்குப்பையும் கலந்த மண்ணைப் போடுங்கள்.

செவ்வரத்தை, போகன்வில்லா போன்றவற்றைக் கவ்வாத்துச் செய்யவும் இதுவே காலம். வெட்டிய கிளைகளை வீசாதீர்கள். முதல் மழை மண்ணை நனைத்ததும், விரல் மொத்தத்தில் ஒரு சாண் நீளத் தண்டுகளாக நட்டால் அவையே புதுக்கன்று. முருங்கைக்குக் கை நீளப் போத்து வேண்டும். கத்தரி, மிளகாய், வெண்டி விதைகளையும் இப்போதே மேடைப்பாத்தியில் போடலாம்.

கார்த்திகை – மார்கழி: வெள்ளமும் புயலும்

இப்போது எதிரி வறட்சியல்ல, தேங்கும் நீர். பாத்தியைச் சுற்றிக் கான் வெட்டி வடியவிடுங்கள். வேர் இரண்டு நாள் நீரில் நின்றால் மல்லிகையும் மிளகாயும் அழுகத் தொடங்கும். டிசம்பர் மாதம் இம்மாவட்டத்தில் புயலுக்கும் பேர்போனது. 2000 டிசம்பரிலும் 2020 டிசம்பரிலும் (புரெவி) திருமலைக் கரையோரம் புயல் கண்டது. முருங்கையின் உயர்ந்த கிளைகளை முன்பே தறித்து, இளங்கன்றுகளுக்குக் கம்பு நட்டுக் கட்டுங்கள்.

உயிர்ச்சேதம் வரக்கூடிய விஷயம் ஒன்றும் உண்டு. பூச்சாடியின் அடித்தட்டு, சிரட்டை, உடைந்த வாளி ஆகியவற்றில் நிற்கும் தெளிந்த நீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை நுளம்பாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும். 2017 இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. கிண்ணியாப் பகுதி அவ்வாண்டின் தொடக்கத்திலேயே கடுமையாக அடிபட்டது. "பூச்சாடிதானே"ன்னு விடாதீங்க. வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்து, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மறுபடி நீர் பட்டால் பொரிக்கும்.

தை – சித்திரை: பூக்காலம்

மழை விட்டு, வெயில் முற்றாத இந்த நாட்கள்தான் திருமலைத் தோட்டத்தின் வசந்தம். செவ்வந்தி, கனகாம்பரம், நந்தியாவட்டை எல்லாம் பூக்கும். கோயிலுக்கும் ஆகும், கொண்டைக்கும் ஆகும். மல்லிகையைத் தையில் கவ்வாத்துச் செய்தால், வெயில் ஏறும்போது நிறையப் பூக்கும். கத்தரியிலும் வெண்டியிலும் நல்ல காயாகப் பார்த்து முற்றவிட்டு விதைக்கு எடுத்து வையுங்கள்.

சித்திரையில் இடியோடு சில மழை வரலாம். அந்த ஈரம் காய்வதற்குள் மூடாக்குப் போட வேண்டும். கவ்வாத்து மலையில் வெட்டிய மிலாறை மண்மேல் பரப்பி விடுவோமே, அதே வேலைதான். வைக்கோல், தென்னோலை, சருகு எதுவும் ஆகும். கறையான் ஏறாதபடி தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

வைகாசி – ஆவணி: காப்பாற்றும் காலம்

கச்சான் வீசும்போது புதிதாக எதையும் நடாதீர்கள், கிளையும் வெட்டாதீர்கள். இருப்பதைக் காப்பாற்றுவதே வேலை. தென்மேற்குப் பக்கம் கிடுகு வேலி கட்டினால் காற்றின் தாக்கம் தணியும். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, மூன்று நாளைக்கொரு முறை வேர் நனைய ஊற்றுவது மேல். அதையும் பொழுது சாய்ந்தபின் செய்யுங்கள். செடிக்குப் பக்கத்தில், அடியில் சிறு துளையிட்ட மண்முட்டியைப் புதைத்து, நீர் நிரப்பி மூடி வையுங்கள். நீர் கசிந்து வேருக்கே போகும், வீணாகாது.

அரிசி கழுவிய நீர், மரக்கறி கழுவிய நீர், துணி அலசிய கடைசி நீர் எல்லாம் செடிக்குத்தான். கடற்கரையோரக் கிணறுகளில் இக்காலத்தில் அதிகம் இறைத்தால் உப்பு ஏறும். இலையின் ஓரம் மட்டும் கருகினால் அது உப்பின் அடையாளமாக இருக்கலாம். எனவே முதலில் குடிக்க, பிறகு முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் பொன்னாங்காணிக்கும், மிச்சம் பூச்செடிக்கு என்று பங்கிடுங்கள். பிள்ளைகளின் தட்டில் கீரை குறையக் கூடாது. நித்தியகல்யாணியும் போகன்வில்லாவும் சொற்ப நீரிலும் பூத்து முற்றத்தை அழகாக்கும்.

எதைக் கொண்டுபோவது?

நுவரெலியாவின் குளிரில் செழிக்கும் ஹைட்ரேஞ்சியாவும் லீக்ஸும் திருமலை வெக்கையில் நிற்கமாட்டா. பணத்தையும் தண்ணீரையும் அதில் கரைக்க வேண்டாம். மஞ்சள் அலரி உப்புக்காற்றையும் வறட்சியையும் தாங்கும் என்று வேலிக்கு வைப்பார்கள். அதன் விதை இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். தப்பித்தவறி விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நம் மலைகளில் பெய்யும் மழை 335 கிலோமீற்றர் மகாவலியாக ஓடி, திருமலையின் கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது. தண்ணீரே போகும் ஊருக்கு ஏற்றபடி தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. அடுத்த முறை உறவுகளைப் பார்க்கப் போகும்போது கன்றுக்குப் பதிலாக இந்த மாதக் கணக்கை எழுதிக் கொடுங்கள். அவர்கள் விதைக்கு வைத்ததில் ஒரு பிடி வாங்கி வந்து, நம் லயத்து வாசலில் நம் மாதக் கணக்குப்படி போட்டுப் பாருங்கள்.