பதவியும் படி அரிசியும்

ஆட்சிப் பொறுப்பில் இருப்போரை மக்கள் எதனைக் கொண்டு எடை போடுகின்றனர்? ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது. விடை காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. ஏரிகள் நிறைந்த நம் செங்கல்பட்டுச் சீமையில் பிறந்த திரு. எம். பக்தவத்சலம் அவர்களின் பொதுவாழ்வே தக்க பாடமாகும்.

உழைப்பும் உயர்வும்

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து நசரத்பேட்டையில் 1897-இல் பிறந்த அவர், வழக்கறிஞராகி, விடுதலைப் போரில் சிறை புகுந்தார். 1937-இல் அமைந்த இராஜாஜி அமைச்சரவையில் ஸ்தல ஸ்தாபன அமைச்சரின் காரியதரிசியாகப் பணிபுரிந்தார். பின்னர் பொதுப்பணித் துறை அமைச்சரானார். 1952 தேர்தலில் தோல்வியுற்றும் பொதுப்பணியைக் கைவிட்டாரில்லை. 1954-இல் காமராஜர் அமைச்சரவையில் விவசாயத் துறையை ஏற்றார். 1957, 1962 ஆகிய தேர்தல்களில் ஸ்ரீபெரும்புதூரில் வென்றார். கட்சிப் பணிக்கெனக் காமராஜர் பதவி துறந்தபோது, 1963 அக்டோபர் 2-இல் முதலமைச்சரானார்.

சோதனைக் காலம்

1965-இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மடிந்தன. அதே காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது; அரிசி அரிதாயிற்று. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற எதிர்க்கட்சியின் வாக்குறுதி அடுப்பங்கரை வரை எட்டியது. 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சி இழந்தது. முதலமைச்சரே ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். முப்பதாண்டு நிர்வாக அனுபவமும், விவசாயத் துறையை நடத்திய அறிவும் அவரைக் காக்கவில்லை.

நாம் கொள்ளும் பாடம்

மழை பெய்யாமை எந்த அமைச்சரின் குற்றமுமன்று. ஆயினும் பசித்தவர் கோப்பைப் பார்ப்பதில்லை; உலைப்பானையையே பார்க்கின்றனர். மனம் புண்பட்டோரின் குரலுக்குச் செவி சாய்க்காத நிர்வாகம், எத்துணைத் திறமை வாய்ந்ததாயினும் நிலைப்பதில்லை.

ஊராட்சிக்கும் இதுவே அளவுகோல். நூறு ஏக்கருக்கு உட்பட்ட ஆயக்கட்டுடைய சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளன. ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்கால் தூர் வாரப்பட்டதா? மதகும் கலங்கலும் செம்மையாக உள்ளனவா? நியாயவிலைக் கடைக்கு அரிசி உரிய நாளில் வந்ததா? கிராம சபையில் எழுந்த குறைக்கு மறுமொழி கூறப்பட்டதா? இவற்றை நாடோறும் கேட்டு நடப்போமாக. பதவி ஐந்தாண்டு, ஊரோ தலைமுறை தலைமுறையாக நிற்பது.