கிளையை வெட்டுமுன் அதைப் பாருங்கள்

பூவையும் கிளையையும் அழகாக நிறுத்தும் இகெபானாவும், சட்டியில் குறுமரம் வளர்க்கும் போன்சாயும் பழக ஆசைப்படும் ராமகுப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இரண்டும் ஜப்பானில் செழித்த கலைகள். ஆனால் அவற்றுக்கு வேண்டிய கிளை, பூ, கல், மண் எல்லாம் நம் வயலோரத்திலேயே கிடக்கின்றன. நாம் வளர்த்துக்கொள்ள வேண்டியது நின்று பார்க்கும் பழக்கம் ஒன்றுதான்.

1. முதலில் லால்பாக் போய் வாருங்கள். குப்பத்தில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் பெங்களூரு. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய அந்தத் தோட்டம் இன்று 240 ஏக்கர். அங்கே போன்சாய்க்கென்றே தனி இடம் உண்டு. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கும் மலர்க்காட்சியில் இகெபானா போட்டியும் வைக்கிறார்கள். கூட்டம் கண்ணாடி மாளிகையை மொய்க்கட்டும். நீங்கள் ஒரே ஒரு அலங்காரத்தின் முன் நின்று, எந்தக் கிளை உயரம், எந்தப் பக்கம் வெற்றிடம் என்று பாருங்கள்.

2. பாறையையும் பாருங்கள். லால்பாக் குன்றின் பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. ஜப்பானியத் தோட்டக்காரர்கள் கல்லை நிறுத்திய பிறகே செடியை யோசிப்பார்கள். கல்லின் அடிப்பகுதியைப் புதைப்பார்கள். அப்போதுதான் அது மண்ணிலிருந்தே எழுந்ததுபோல் இருக்கும். நம் ஊர்க் குன்றடியில் பாறை மண்ணைத் தொடும் இடத்தைக் கவனித்தால் இது புரியும்.

3. கிளைக்குக் காசு செலவழிக்காதீர்கள். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரியைக் கவாத்து செய்து போடும் குச்சிகளே போதும். கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றையும் கையில் திருப்பி, வெயிலுக்கு ஏங்கி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்தப் பக்கமே அதன் முகம்.

4. அளவை மீறாமல் தொடங்குங்கள். 1927இல் சோஃபு தெஷிகஹாரா தொடங்கிய சோகெட்சு பள்ளியின் பாடம் இது: கிளைகளை நிறுத்தும் தட்டின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி, அதில் ஒன்றரை மடங்கு முதல் கிளை. அதில் முக்கால் இரண்டாவது. அதிலும் முக்கால் மூன்றாவது. 12 அங்குல அகலம், 3 அங்குல உயரமுள்ள தட்டென்றால் கிளைகள் ஏறக்குறைய 22, 17, 13 அங்குலம். கை பழகிய பின் மீறலாம்.

5. தண்டைத் தண்ணீருக்குள் வைத்து வெட்டுங்கள். வெளியே வெட்டினால் தண்டின் நுண்குழாய்களுக்குள் காற்று புகுந்து, நீர் ஏறுவது தடைபடும். பூ சீக்கிரம் தலைசாயும். இதற்கு ஒரு வாளித் தண்ணீரும் கூரான கத்தியும் போதும்.

6. சாமந்தியை மூன்றே மூன்று தண்டு எடுங்கள். ஜப்பான் அரச குடும்பத்தின் சின்னம் 16 இதழ்ச் சாமந்தி. நம் பக்கத்தில் அது கூடை கூடையாகச் சந்தைக்குப் போகிறது. மாலையில் இடைவெளியில்லாமல் தொடுத்துப் பழகிய கை நமக்கு. இங்கே ஒரு மொட்டு, பாதி விரிந்த ஒன்று, முழுதும் மலர்ந்த ஒன்று என வைத்து, நடுவில் காற்றுக்கு இடம் விடுங்கள். காலி இடத்தை நிரப்பத் துடிக்கும் கையை அடக்குவதுதான் உண்மையான பயிற்சி.

7. போன்சாய்க்குக் கிணற்றுச் சுவரில் முளைத்த ஆலையோ அரசையோ எடுங்கள். சுவரும் பிழைக்கும், செடியும் பிழைக்கும். காட்டுக்குள் போய் எதையும் பிடுங்காதீர்கள். வெறும் செம்மண் சட்டியில் இறுகிவிடும். மணலும் செங்கல் பொடிக்கற்களும் மட்கிய எருவும் கலந்துகொள்ளுங்கள். மரத்தின் இடம் வெயில், வீட்டுக்கூடம் அல்ல. கோடையில் ஆழமில்லாத சட்டிக்கு இருவேளை தண்ணீர் வேண்டியிருக்கும். கம்பி சுற்றினால் அடிக்கடி பாருங்கள். பட்டையில் பதியுமுன் வெட்டி எடுத்துவிடுங்கள். தழும்பு விழுந்தால் எளிதில் மறையாது.

8. வனக்குளியலை ஊருக்குள்ளேயே செய்யுங்கள். 1982இல் ஜப்பான் வனத்துறை 'ஷின்ரின் யோகு' என்று பெயரிட்டு, மரங்களுக்கிடையே நிதானமாக நடக்கச் சொன்னது. நமக்குப் பக்கத்துக் காடு கௌண்டின்யா சரணாலயம். அது யானைகளின் வீடு. தனியாக நுழையாதீர்கள். உகாதி சமயத்தில் புங்கமரத்தடியில் செல்பேசி இல்லாமல் உட்காருங்கள். பூ உதிரும், வண்டு சுற்றும், துளிர் நிறம் மாறும். செர்ரிப் பூ காலத்தில் ஜப்பானியர் மரத்தடியில் கூடுவதும் இப்படிப் பார்க்கத்தான்.

9. கற்றதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுங்கள். இந்தக் கலைகள் பணக்காரர் வீட்டுக் கூடத்துக்கு என்று நம் பக்கத்தில் பலர் ஒதுங்கிப்போகிறார்கள். ஊர்ப் பள்ளியில் அனுமதி கேட்டு, ஒரு தட்டும் மூன்று மல்பெரிக் குச்சியும் கொண்டுபோய் வைத்துக் காட்டுங்கள். கைக்கு எட்டும் வேலைதான் இது என்று அந்தப் பிள்ளைகளும் தெரிந்துகொள்வார்கள்.