நூறு என்றால் எந்த நூறு?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுத நம் கல்லூரியில் ஆள் நிறைய இருக்கிறார்கள், நான் கணக்கு எழுதுகிறேன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போயிற்று. "கணக்கையா? யாருப்பா படிப்பாங்க?" என்றார். லேத்தில் கை வைக்கிறவன் படிப்பான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆகவே நண்பர்களே, இது வேகத்தின் அலகுகளைப் பற்றிய கட்டுரை. ஆனால் தொடங்குவது ஒரு தீக்காயத்தில்.

போன வருடம், செகண்ட் இயர் ஒர்க்‌ஷாப் பிராக்டிகல். 32 மில்லிமீட்டர் எம்.எஸ். ராடில் ரஃப் டர்னிங். எனக்குக் கிடைத்தது ஷெட்டின் கோடியில் இருக்கும் அந்தப் பழைய லேத். அதன் பின்னால் சுவரில் ஒரு தகரப் பலகை மாட்டியிருக்கும். மெஷினோடு சீமையிலிருந்து வந்தது என்பார்கள். பித்தளை இவ்வளவு, வார்ப்பிரும்பு இவ்வளவு, மைல்ட் ஸ்டீல் 100 என்று வரிசையாக இருக்கும். மேலே தலைப்பு இருந்த இடத்தில் எண்ணெயும் துருவும்தான் மிச்சம்.

நமக்குச் சூத்திரம் மனப்பாடம். வெட்டு வேகம் (மீட்டர்/நிமிடம்) = பை × விட்டம் (மி.மீ.) × சுற்று ÷ 1000. நூறைப் போட்டேன், 32ஐப் போட்டேன். கால்குலேட்டரில் 995 சுற்று என்று வந்தது. ஹெட்ஸ்டாக்கில் அதற்குக் கிட்டத்தில் இருந்த வேகத்தை லிவரில் தள்ளினேன். டூல் சாதாரண ஹெச்.எஸ்.எஸ். தான்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. அரை நிமிடம் இருக்கும். சுருள் சுருளாக வந்த சிப்ஸ் வைக்கோல் நிறத்திலிருந்து நீலத்துக்கு மாறியது, டூல் முனையில் ஒரு கிறீச், கூலண்ட் பட்டதும் குப்பென்று புகை. என் பேட்ச் நண்பன் கூலண்ட் குழாயைத் திருப்பக் கை நீட்டினான். ஒரு நீலச் சுருள் பிய்த்துக்கொண்டு வந்து அவன் வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அவன் உதறுவதற்குள் தோல் வெந்துவிட்டது. பன்னிரண்டு நாள் கட்டு. அதோடுதான் செமஸ்டர் தேர்வு எழுதினான்.

ஒர்க்‌ஷாப் சார் வந்து மெஷினை நிறுத்தினார். முதலில் அவனை முதலுதவிக்கு அனுப்பினார். அப்புறம் என்னிடம் திரும்பி, "என்னடா ஸ்பீடு போட்ட?" என்றார். சொன்னேன். "எப்படி வந்தது?" பலகையைக் காட்டினேன். நூறு சார் என்றேன்.

"நூறுன்னா எந்த நூறுடா? நூறு ரூபாயா, நூறு கிராமா?"

அது அடிக் கணக்கு. நிமிடத்துக்கு 100 அடி. ஒரு அடி 0.3048 மீட்டர். ஆக, நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 மீட்டர். நம் புத்தகத்தில் ஹெச்.எஸ்.எஸ். டூலுக்கும் எம்.எஸ்.சுக்கும் போட்டிருக்கும் அதே 30. அந்த ராடுக்குச் சரியான சுற்று 300 பக்கம். நான் ஓட்டியது மூன்று மடங்குக்கு மேல். சார் கால்குலேட்டரைத் தொடவே இல்லை. "விட்டம் ஒண்ணேகால் இஞ்ச். நூறை நாலால பெருக்கி ஒண்ணேகாலால வகு" என்றார். 320. அந்தக் காலத்து லேத்காரர்களின் குறுக்கு வழி அது. வெட்டு வேகம் அடியிலும் விட்டம் அங்குலத்திலும் இருந்தால் மட்டும் செல்லும். பன்னிரண்டைப் பையால் வகுத்தால் 3.82 வரும், அதை நாலாக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அன்று இரவு ஹாஸ்டலில் தூக்கம் வராமல் ஒரு காரியம் செய்தேன். எல்லா வேகத்தையும் பஸ்ஸில் போகிற வேகமாக, அதாவது கிலோமீட்டர்/மணியாக மாற்றிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 30 மீட்டர் என்றால் மணிக்கு 1.8 கிலோமீட்டர்தான். தாத்தா கோயிலைச் சுற்றும் நடை! டூலைக் கருக்கிய 100 மீட்டரோ மணிக்கு 6 கிலோமீட்டர். வேகமாக நடந்தால் நாமே போய்விடலாம். லேத் நமக்குப் பயங்கர வேகமாகத் தெரிகிறது. உண்மையில் உலோகம் டூலைக் கடப்பது நடைவேகத்தில்தான்.

அதே ஷெட்டில், டூல் தீட்டுகிற பெஞ்ச் கிரைண்டர் கதை வேறு. 200 மி.மீ. வீல், 2800 சுற்று. விளிம்பு வேகம் வினாடிக்கு 29.3 மீட்டர். மணிக்கு மாற்றினால் 105 கிலோமீட்டர்! நாம் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பது எக்ஸ்பிரஸ் பஸ்ஸை முந்துகிற ஒரு கல்லை. கண்ணாடி போடு, நேர் எதிரே நிற்காதே என்று சார் ஏன் கத்துகிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. லேத், மில்லிங், டிரில்லிங்கில் வேகத்தை மீட்டர்/நிமிடம் என்று சொல்கிறோம். கிரைண்டிங் வீலுக்கு மட்டும் மீட்டர்/வினாடி. இரண்டும் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆங்கிள் கிரைண்டர் டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள், 80 மீட்டர்/வினாடி என்று உச்ச வரம்பு அச்சிட்டிருக்கும். 100 மி.மீ. டிஸ்க்கை 11,000 சுற்றில் ஓட்டினால் 58 மீட்டர்தான், கவலையில்லை. ஆனால் சில வெல்டிங் பட்டறைகளில் கார்டைக் கழற்றிவிட்டு, அதே மெஷினில் 180 மி.மீ. டிஸ்க்கை மாட்டுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியுமாம். கணக்குப் போடுங்கள். வினாடிக்கு 104 மீட்டர்! அந்த அளவு டிஸ்க் தாங்கக்கூடியது சுமார் 8,500 சுற்று. மீதியை நான் சொல்ல வேண்டாம். ஊரில் அண்ணன், மாமா யாராவது பட்டறை வைத்திருந்தால் இந்த ஒரு கணக்கையாவது போட்டுக் காட்டுங்கள்.

மாற்றுகிற முறைக்கு வருவோம். பள்ளியிலேயே படித்ததுதான். கிலோமீட்டர்/மணியை 5/18ஆல் பெருக்கினால் மீட்டர்/வினாடி. ஒரு கிலோமீட்டர் 1000 மீட்டர், ஒரு மணி 3600 வினாடி. 1000ஐ 3600ஆல் வகுத்தால் 5/18. பரீட்சை அவசரத்தில் அது ஐந்தா மேலே, பதினெட்டா மேலே என்று குழம்பும். அதற்கு நான் வைத்திருக்கிற முளைக்குச்சி ஒன்றே ஒன்று: 36 கிலோமீட்டர்/மணி என்றால் 10 மீட்டர்/வினாடி. ஒரு வினாடிக்குள் டூவீலர் 36 மீட்டர் பாயுமா, பாயாது. ஆகவே மீட்டர்/வினாடி எண் எப்போதும் சின்னது. சின்னதாக வரவில்லை என்றால் தலைகீழாகப் போட்டிருக்கிறோம்.

சிவில் நண்பர்கள் இதைப் படிக்கவும். காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் அடிப்படைக் காற்று வேகம் மீட்டர்/வினாடியில் இருக்கும். சென்னைக்கு 50, திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. சென்னையின் 50 என்பது மணிக்கு 180 கிலோமீட்டர். அழுத்தத்துக்கு 0.6 × வேகத்தின் வர்க்கம். குணகங்களையெல்லாம் ஒன்று என்றே வைத்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன் வரும். யாராவது மறந்துபோய் 180ஐப் போட்டால் 19,440. வேகத்தில் 3.6 மடங்கு தவறு, சுமையில் 13 மடங்கு தவறு. வர்க்கம் இருக்கிற சூத்திரம் பிழையையும் வர்க்கப்படுத்தும். இப்படிப் பெரிதாகத் தவறினால் பரவாயில்லை, இரும்புக் கணக்கைப் பார்த்து மேஸ்திரியே சிரித்துவிடுவார். மாற்றியதையே இன்னொரு தரம் மாற்றி 50ஐ 14 ஆக்கிவிட்டால்தான் ஆபத்து. ஷெட் மெலிசாக, அழகாக நிற்கும். புயல் வரும் வரைக்கும்!

எலக்ட்ரிகல்காரர்களுக்குச் சுருக்கமாக. முறுக்கு விசைக் கணக்கில் சுற்று/நிமிடத்தை ரேடியன்/வினாடி ஆக்க வேண்டும். 0.1047ஆல் பெருக்குங்கள். 3.7 கிலோவாட், 1440 சுற்று மோட்டார் என்றால் 150.8 ரேடியன்/வினாடி, 24.5 நியூட்டன் மீட்டர். மாற்றாமல் வகுத்தால் இரண்டரை வரும். அதை நம்பி ஷாஃப்ட் டிசைன் செய்தால் பென்சில் மொத்தத்தில்தான் வரும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நாட் பழக்கமாக இருக்கும். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். நாட் என்ற சொல்லுக்குள்ளேயே மணி இருக்கிறது, ஆகவே "மணிக்கு பத்து நாட்" என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். பெயர் வந்தது கயிற்று முடிச்சிலிருந்து. அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பலில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றைக் கட்டையோடு கடலில் விடுவார்கள். 28 வினாடி மணல் கடிகாரம் முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்ததோ அத்தனை நாட். வகுத்துப் பாருங்கள், வினாடிக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அச்சுப் பிசகாமல் வரும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

எல்லாம் மெட்ரிக் ஆகியும் கப்பல்காரர்கள் இதை ஏன் விடவில்லை? ஒரு கடல் மைல் என்பது அட்சரேகையில் ஒரு கலை அளவு. நாகப்பட்டினம் சுமார் 10 பாகை 46 கலை, சென்னை 13 பாகை 5 கலை. வித்தியாசம் 139 கலை, ஆகவே 139 கடல் மைல். பத்து நாட் வேகத்தில் வடக்கே போனால் ஏறத்தாழ 14 மணி நேரம். மேப்பின் ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வானிலைத் துறையும் புயலை நாட்டில்தான் தரம் பிரிக்கிறது. 34 நாட்டைத் தொட்டால்தான் அது புயல், அதாவது மணிக்கு சுமார் 63 கிலோமீட்டர்.

விமானத்திலும் முன்னோக்கிய வேகம் நாட்டில், ஏறி இறங்கும் வேகம் அடி/நிமிடத்தில். இங்கேதான் என் நூறின் அண்ணனைச் சந்தித்தேன். 1992 ஜனவரி 20, பிரான்ஸ். லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் போன ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம் தரையிறங்கும் முன் மலையில் மோதியது. இருந்த 96 பேரில் 87 பேர் மாண்டார்கள். அந்த விமானத்தில் இறங்கும் கோணத்தையும் இறங்கும் வேகத்தையும் ஒரே திருகில் வைக்கலாம், எது என்பதை ஒரு பொத்தான் தீர்மானிக்கும். கோணம் என்றால் 3.3 என்று காட்டும். வேகம் என்றால் 33 என்று காட்டும், அதற்கு நிமிடத்துக்கு 3300 அடி என்று பொருள். விமானிகள் 3.3 பாகை என்று நினைத்து 33 வைத்திருக்கலாம் என்பது விசாரணைக் குழு ஆராய்ந்த காரணங்களில் முக்கியமானது. 3300 அடியை மாற்றினால் வினாடிக்கு 16.8 மீட்டர், மணிக்கு 60 கிலோமீட்டர், கீழ்நோக்கி. அவர்களுக்கு வேண்டியிருந்தது நிமிடத்துக்கு 800 அடி பக்கம், சைக்கிள் வேகம். அப்புறம் அந்தத் திரையில் வேகத்தை நான்கு இலக்கமாக, 3300 என்றே முழுசாகக் காட்டும்படி மாற்றினார்கள்.

இதைப் படித்த மறுநாள் நானும் நண்பனும் சாரிடம் போய்ப் பெயிண்ட் டப்பா கேட்டோம். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பழைய லேத்தின் பலகையைத் துடைத்து, தலைப்பு இருந்த இடத்தில் "அடி/நிமிடம்" என்று சிவப்பில் எழுதி வைத்தோம். ஃபர்ஸ்ட் இயர் தம்பிகள் அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். கட்டு அவிழ்க்காத நேரம், அவன் இடது கையால் எழுதியது.