நண்டு நாலு மடங்கா?

கேள்வி: ஐயா, நான் பழவேற்காடு கோட்டைக்குப்பத்துக்காரன். பழைய நிக்கான் ஏ.பி.எஸ்-சி கேமரா, 50 மிமீ லென்ஸ், 12, 20, 36 மிமீ எக்ஸ்டென்ஷன் ட்யூப்கள் வைத்திருக்கிறேன். ஏரிக்கரைச் சேற்றில் ஒற்றைக் கொடுக்கு பெருத்த குட்டி நண்டுகளை எடுக்கிறேன். ஒரு போட்டிக்கு உருப்பெருக்க விகிதம் கேட்கிறார்கள். ஓடு 2 செ.மீ.; வெட்டாமல் போட்ட 12 அங்குலப் பிரிண்டில் 8 செ.மீ. நாலு மடங்கு என்று எழுதலாமா? சின்ன சென்சார், அதனால் 1.5-ஆலும் பெருக்கு என்கிறான் நண்பன்.

பதில்: இரண்டும் வேண்டாம். பிரிண்டைச் சுவர் அகலத்துக்கே போட்டாலும் விகிதம் மாறாது. சென்சார் மேல் விழுந்த நண்டின் அளவை நிஜ நண்டின் அளவால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் சென்சார் அகலம் சுமார் 23.5 மிமீ. அதை 12 அங்குலமாக்கியதில் 13 மடங்கு பெரிதாகிவிட்டது. 80 மிமீயை 13-ஆல் வகுத்தால் 6 மிமீ சொச்சம். அதை ஓட்டின் 20 மிமீயால் வகுத்தால் 0.3. கிட்டத்தட்ட 1:3. சின்ன சென்சார் பிம்பத்தைப் பெரிதாக்குவதில்லை, ஓரத்தை நறுக்குகிறது. நண்பரின் 1.5-க்கு இங்கே வேலையில்லை.

இனிமேல் பிரிண்ட் வரை போகாதீர்கள். நண்டை எடுத்த கையோடு, ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுங்கள். கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தி, கோடுகள் துல்லியமாகும் இடத்தில் ஒரு படம். ஃப்ரேமின் அகலத்தில் 36 மிமீ தெரிந்தால் 23.5 ÷ 36 = 0.65.

ட்யூப் மாட்டுமுன்பே கணிக்க: ட்யூப் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, லென்ஸின் சொந்த அதிகபட்ச விகிதத்தைக் கூட்டுங்கள். 50 மிமீ லென்ஸ்களில் அது பெரும்பாலும் 0.15. 12 மிமீ ட்யூபுக்கு 0.39, 36-க்கு 0.87, மூன்றும் சேர்ந்தால் 1.5. இது உத்தேசம்தான், விண்ணப்பத்தில் ஸ்கேல் சொன்னதையே எழுதுங்கள்.

மூன்று ட்யூபையும் மாட்டி நண்டிடம் போகாதீர்கள். லென்ஸ் சில சென்டிமீட்டர் நெருங்க வேண்டும். நிழல் பட்டாலே அது வளைக்குள் போய்விடும். 36 மட்டும் மாட்டினாலும், 0.87-இல் ஓடே சென்சாரில் 17 மிமீயை அடைத்துக்கொள்ளும், தூக்கிய கொடுக்குக்கு இடமிருக்காது. 12 மிமீ ட்யூபே போதும்: 60 மிமீ சேறு ஃப்ரேமுக்குள் வரும், கொடுக்கு, வளை, அது உருட்டிப் போட்ட மண் உருண்டைகள் எல்லாம் சேர்ந்து. நீர் வற்றிச் சேறு தெரியும்போது படுத்துக் காத்திருங்கள். ஏரியின் முகத்துவாரம் அடைபட்ட மாதங்களில் கடல் ஓதம் உள்ளே வராததால் அந்த வற்றம் கிடைக்காது.

1.5 வேண்டுமென்றால் கண்ணாடித் தட்டில் ஏரித் தண்ணீர் விட்டு இறால் குஞ்சை எடுங்கள். 12 மிமீ குஞ்சு 18 மிமீயாக அழகாக அமரும். ஆனால் எஃப்/8 அங்கே எஃப்/20 போல இருண்டுவிடும். ஃப்ளாஷ் இல்லாமல் முடியாது. ட்யூபைப் படகில் மாற்றாதீர்கள், உப்புக் காற்று உள்ளே போய்விடும்.