பேணி பறக்காது

கெட்டபோல் கையில் இருக்கிற பிள்ளைக்குக் "குருவிக்கு அடியாதை" என்று சொல்லி மட்டும் பிரயோசனமில்லை. அடிப்பதற்கு வேறொன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். நிலாவெளியில் எங்கள் வளவில் தங்கச்சியின் பெடியளுக்காக எத்தனையோ செய்துபார்த்தேன். நின்று பிடித்தது பால்பேணிதான்.

"காகம் எண்டா பறந்திடும் மாமா, பேணி எண்டா நிண்டு சத்தம் போடும்" என்றான் சின்னவன். அதுதான் விஷயம். பட்டதா இல்லையா என்று அந்த நிமிசமே சொல்லாத இலக்கில் பிள்ளைகளுக்கு மனம் ஒட்டாது. கடதாசியில் வட்டம் கீறி வைத்தால் கிட்டப் போய் ஓட்டை தேட வேண்டும். கச்சான் காற்று எழும்பினால் கடதாசியே மிஞ்சாது.

பேணியின் வாய் விளிம்பைச் சுத்தியலால் உள்பக்கம் தட்டி மடித்துவிடுங்கள், கை வெட்டாது. அடியில் ஆணியால் துளைத்து நூல் கோத்து, உள்ளே ஒரு பழைய நட்டைத் தொங்கவிட்டால் ஓரத்தில் உரசினாலும் கிணுங்கும். ஒற்றைக் கயிற்றில் கட்டினால் சுழன்றுகொண்டே நிற்கும். இரண்டு பக்கமும் கயிறு போட்டால் ஆடி அடங்கித் தன் இடத்துக்கு வந்துவிடும்.

சிரட்டையும் நல்லதுதான், ஆனால் தெறிக்கும். போத்தல் வேண்டவே வேண்டாம். மீன் பெட்டி றெஜிபோம் சும்மா கிடைக்கிறதென்று எடுக்காதீர்கள். நாலு அடியில் வெள்ளைப் பொடியாய் உதிர்ந்து காற்றோடு கடலுக்குப் போகும்.

இலக்கைவிட அதன் பின்னால் இருப்பதைப் பற்றித்தான் நான் கூடுதலாக யோசிப்பேன். பின்னால் ஒழுங்கை, சனம், வீட்டு யன்னல் எதுவும் இருக்கக் கூடாது. கடற்கரை ஊரில் கழித்துப் போட்ட வலைக்குப் பஞ்சமில்லை. கண் சிறுத்த சூடை வலையை இரண்டாக மடித்து, தொய்வாகத் தொங்கவிட்டு, அடி மடிந்து நிலத்தில் கிடக்க விடுங்கள். இழுத்துக் கட்டினால் உண்டையைத் திருப்பி எறியும். தொய்ந்த வலை அதை வாங்கிக் கீழே போட்டுவிடும். வலைக்குப் பின்னால் ஒரு சாக்கு. தங்கூசி வலை சரிவராது, அணிலும் ஓணானும் சிக்கிச் சாகும். மற்ற வலையையும் விளையாட்டு முடிந்ததும் சுருட்டி வையுங்கள்.

உண்டைக்குக் கல்லும் போளையும் ஆகாது. பேணியில் பட்டுத் திரும்பினால் கண் போகும். தம்பலகாமத்து வயல் களியைப் போளை அளவில் உருட்டி நிழலில் காயவைக்கிறோம். வெயிலில் வைத்தால் வெடிக்கும், சூளையில் சுட்டால் கல்லாகிவிடும். காய்ந்த களி பட்ட இடத்தில் நொறுங்கும், மழைக்குக் கரைந்து மண்ணாகும். ஆனாலும் கண்ணாடி போட்டுத்தான் அடிக்க வேண்டும், மற்றவர்கள் அடிக்கிறவனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். உப்புக்காற்றில் றப்பர் கெதியாய் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் கட்டிய இடத்தை இழுத்துப் பாருங்கள்.

ஐந்தாறு எட்டுத் தூரத்தில் தொடங்கினால் போதும். பெரியவன் இப்போது பத்து மீற்றருக்குப் போய்விட்டான். ஒலிம்பிக்கில் காற்றுத் துப்பாக்கி சுடுவதும் அதே தூரம்தான். அங்கே பத்துப் புள்ளிக்கான பொட்டு வெறும் 0.5 மில்லிமீற்றர் என்றதும் பேணியைப் பார்த்துச் சிரித்தான்.

எங்கள் கரைக்கு நேரே புறாத்தீவு. வெள்ளைக்காரர் காலத்தில் அது சுடும் பயிற்சிக்குப் பாவித்த இடம். மாடப்புறாக்களால் பேர் வந்த தீவையே அதற்கு எடுத்திருக்கிறார்கள்! 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. பெடியளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். திருகோணமலைக் கோட்டைக்குள் மான் பார்க்கப் போகிற நாளில் கெட்டபோல் வீட்டில்தான் இருக்கும்.

களி எடுக்கப் பிள்ளைகளைத் தனியே அனுப்புவதில்லை. யுத்தம் நடந்த மாவட்டம் இது. மண்ணுக்குள் இனந்தெரியாத இரும்பு எதுவும் தட்டுப்பட்டால், இலக்குக்கு நல்லாயிருக்கும் என்று தூக்காமல், தொடாமல் விலகி வந்து 119க்குச் சொல்லுங்கள்.