'பி' எழுத்துச் சிறு சொற்கள் ஐந்து



நமது கடைகளுக்கு நாள்தோறும் வரும் காகிதங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. நீண்ட சொல் ஒன்றைக் கண்டால் அகராதியைப் புரட்டுகிறோம். அல்லது படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கிறோம். மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொல்லாயின், 'இது தெரிந்ததுதானே' என்று தாண்டிவிடுகிறோம். ஆனால் பணமும் பொறுப்பும் அந்தச் சிறு சொற்களில்தான் அதிகம் அடங்கியிருக்கின்றன. ஆகவே ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தாகிய 'பி'யில் தொடங்கும் ஐந்து சொற்களை இங்கே எடுத்துக்கொள்வோம். நாமும் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தாண்டாதவர்களே. ஆதலால் இலக்கணம் பேசாமல், கல்லாவில் அமர்ந்திருப்பவருக்கு வேண்டிய பொருளை மட்டும் சொல்கிறோம்.

முதலில் ஒலி. ஆங்கிலத்தின் 2-ஆம் எழுத்தையும் 16-ஆம் எழுத்தையும் தமிழில் ஒன்றுபோலவே எழுதுகிறோம். 2-ஆம் எழுத்து, 'பிஸ்மி' என்று ஓதும்போது வருகிற அரபி 'பா'வின் ஒலி. 16-ஆம் எழுத்து 'பழம்' என்பதன் முதல் ஒலி. அது அரபியில் இல்லை. 'பில்' என்பதைப் பிஸ்மியின் ஒலியில் சொன்னால் விலைச்சீட்டு. பழத்தின் ஒலியில் சொன்னால் மாத்திரை. கீழ்வரும் ஐந்தும் பிஸ்மியின் ஒலியில் தொடங்குபவை.

அடுத்து, எந்தச் சொல்லைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் கொடுக்க வேண்டியவர் யார்? எப்போது கொடுப்பது? நாம் எப்போது விடுபடுகிறோம்?

1. பில். இதற்குப் பொருள் பல. கடையில் எழுதுவது வெறும் விலைச்சீட்டு. 'பில் ஆப் எக்ஸ்சேஞ்ச்' என்பது வேறு. வெளியூர்ச் சரக்குக்காக வங்கி மூலம் வரும் அந்தத் தாளில் 'ஏற்றுக்கொண்டேன்' என்று கையொப்பமிட்டால், குறித்த நாளில் குறித்த தொகையை நாமே கொடுப்பதாக உறுதி சொன்னதாகும். அந்தத் தாள் கைமாறி, நல்ல நம்பிக்கையில் விலை கொடுத்து வாங்கிய மூன்றாமவரிடம் போய்விட்டால், 'சரக்கு சரியில்லை' என்ற வாதம் அவரிடம் செல்லாது. மலேசியாவில் இதற்கென்று 1949-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. 'பில் ஆப் லேடிங்' என்பது மூன்றாவது வகை. லேடிங் என்றால் ஏற்றுதல். கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது அது. உரியபடி மேலெழுத்து இடப்பட்ட மூலத்தாளைக் கொண்டுவருபவருக்கே சரக்கு கிடைக்கும். ஆகவே அதைப் பணம்போல் பத்திரப்படுத்த வேண்டும்.

2. பேல். இது சிப்பம், கட்டு. சிப்பம் எல்லா ஊரிலும் ஒரே அளவு அன்று. இந்தியப் பருத்திச் சிப்பம் 170 கிலோ. அமெரிக்கக் கணக்கில் ஒரு சிப்பம் 480 பவுண்டு, அதாவது சுமார் 218 கிலோ. ஜவுளிக்கு நிலையான அளவே கிடையாது. பத்து பேல் என்று மட்டும் எழுதி ஆர்டர் அனுப்பாமல், ஒரு பேலுக்கு எத்தனை உருப்படி, எத்தனை கிலோ என்பதையும் எழுத வேண்டும்.

3. பெயில். ஆங்கிலத்தில் எழுத்து வேறானாலும் ஒலி பேலைப் போன்றதே. பரீட்சையில் 'பெயில்' என்கிறோமே, அது ஆங்கிலத்தின் 6-ஆம் எழுத்தில் தொடங்கும் வேறு சொல். இங்கே பெயில் என்பது ஜாமீன். இந்தத் தமிழ்ச் சொல்லும் மலாய்க்காரர் சொல்லும் 'ஜாமின்' என்பதும் பொறுப்பேற்றல் என்ற பொருளுடைய அரபி மூலத்திலிருந்து வந்தவை. ஊர்க்காரர், உறவுக்காரர் என்று முகத்துக்காகக் கையொப்பமிடுகிறோம். குற்றம் சாட்டப்பட்டவர் குறித்த நாளில் நீதிமன்றத்துக்கு வராவிட்டால், ஜாமீன் தொகை முழுவதையோ ஒரு பகுதியையோ நாம் இழக்க நேரும். அவர் ஓடிவிடுவார் என்ற ஐயம் எழுந்தால் வாளாவிருக்கக் கூடாது. பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு நீதிமன்றத்தில் உடனே விண்ணப்பிக்க வழி உண்டு.

4. பாண்டு. கட்டுப்பாட்டு முறி. சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் வரும் மலேசியரல்லாத தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பாண்டு கொடுக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்தின் மூலம் கொடுத்துவிட்டால், கட்டணத்தோடு நம் கடமை தீர்ந்தது என்று நினைப்பவர் உண்டு. அப்படியன்று. நிபந்தனை மீறப்பட்டு அரசாங்கம் பாண்டுத் தொகையை எடுத்துக்கொண்டால், நாம் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்த உறுதிப்படி அது அத்தொகையை நம்மிடம் வசூலிக்கும். அனுமதிச் சீட்டு ரத்தாகி, தொழிலாளர் தாயகம் திரும்பி, நிபந்தனை எதுவும் மீறப்படாதிருந்தால்தான் விடுதலை. 'பாண்டில் உள்ள சரக்கு' என்றால் தீர்வை இன்னும் கட்டாமல் சுங்கக் கிடங்கில் இருப்பது. அந்த விலை மலிவாகத் தோன்றும். தீர்வையைக் கூட்டிப் பார்த்த பிறகே விலை பேசவேண்டும்.

5. பிட். ஏலத்தில் கேட்கும் விலை. மலாய்க்காரர் சொல்லும் 'லெலோங்' நமக்குப் பழகியதே. சாதாரண ஏலத்தில் சுத்தியல் விழும்வரை நாம் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம், விழுந்தபின் முடியாது. சில ஏலங்களின் நிபந்தனைத் தாள் வேறுவிதமாகச் சொல்லும். அதை முதலில் படிக்க வேண்டும். மேற்கு மலேசியாவில் கடன் பாக்கிக்காக நிலம், கடைவீடுகளை நீதிமன்றம் ஏலமிடும்போது மீதிப் பணத்தை 120 நாட்களுக்குள் கட்டவேண்டும். கட்டத் தவறினால் முன்பணம் போய்விடும். வங்கிக் கடன் கிடைக்குமா என்று தெரியாமல் கையை உயர்த்துவது, வைத்திருக்கும் கடையையும் ஆட்டிவிடும்.

குர்ஆனில் மிக நீண்ட ஆயத்து, ஸூரத்துல் பகராவின் 282-ஆவது ஆயத்தாகும். அது கடனை எழுதிக்கொள்வது பற்றியது. தானே சொல்லி எழுதவைக்க இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாதது குறையன்று. தெரிந்த, நம்பத்தகுந்த ஒருவரை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. 'அவசரம், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள், பாய்' என்பவரிடம், 'நாளைக்கு வாருங்கள்' என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

பயிற்சி: கடையிலுள்ள பழைய பத்திரங்களையும் உறுதிமுறிகளையும் இந்த வாரம் எடுத்து, மேற்படி ஐந்து சொற்களில் எவை வருகின்றன என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த மூன்று கேள்விகளின் விடையைத் தமிழில் ஓரத்தில் எழுதிவையுங்கள். விடை தெரியாத தாளை வழக்கறிஞரிடமோ வங்கியிலோ காட்டிக் கேளுங்கள். கடையில் துணைக்கு நிற்கும் தம்பிக்கும் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். நாம் இல்லாத வேளையில் கையொப்பமிட நேர்பவர்கள் அவர்களே.