தர்ப்பூசணி நடும் காலம்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழியை நம் மாணவர்கள் கேட்டிருப்பர். தமிழ்நாட்டு உழவர்க்கு அது நல்வாக்கு. ஆயின், கெடாவில் வீட்டுக்குப் பின்புறம் தர்ப்பூசணி பயிரிட விரும்புவோர்க்கு அது பொருந்தாது. ஆடியில் விதைத்தால் கொடி செழிப்பாகவே படரும். காய் முற்றும் வேளையோ புரட்டாசி, ஐப்பசி. செப்டம்பர், அக்டோபர் திங்களில் இங்கே பெய்யும் மழையை நாமெல்லாரும் அறிவோம்.

தர்ப்பூசணிக்கு நீர் வேண்டும், மழை வேண்டா. இதன் காரணத்தை மாணவர்கள் உணர்தல் நன்று. இக்கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. அடியில் சிறு பிஞ்சு போன்ற உருண்டை உள்ளதே பெண்பூ. காலையில் தேனீக்கள் மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தால்தான் பிஞ்சு நிலைக்கும். மழைக் காலையில் தேனீ வருவதில்லை. மேலும், ஈரத்தால் இலைகளில் பூஞ்சணநோய் பரவும். மீறிப் பழுத்தாலும் இனிப்பு குன்றும்.

அவ்வாறாயின் எப்போது நடுவது? வடகிழக்குப் பருவக்காற்று தமிழ்நாட்டிற்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தருகிறது. அதே காற்று இங்கே கிளந்தான், திரங்கானு மாநிலங்களை நனைக்கிறது. நடுவே தித்திவங்சா மலைத்தொடர் தடுத்து நிற்பதால் கெடாவுக்கு அம்மழை அதிகம் எட்டுவதில்லை. ஆதலின் ஜனவரி, பிப்ரவரியில் நமக்கு நல்ல வெயில். டிசம்பர் நடுவில், அதாவது மார்கழிப் பிறப்பையொட்டி விதைத்தால், ஏறத்தாழ 35 முதல் 40 நாளில் பூக்கும். 70 அல்லது 80 நாளில் மாசியில் பழம் கிடைக்கும். அலோர் ஸ்டார் பக்கத்தைவிடக் கூலிம் பக்கம் மழை மிகுதி. அங்குள்ளோர் பாத்தியைச் சற்று உயர்த்திக் கட்டுதல் வேண்டும்.

மாசியில் பழம் கிடைப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. இன்று பல தோட்டங்களில் செம்பனை வந்துவிட்டது. பால்மரம் எஞ்சியுள்ள இடங்களிலோ பிப்ரவரி, மார்ச் இலையுதிர் காலம். பால் குறையும், வருமானமும் குறையும். கைச்செலவு இறுகும் அந்நாளில் வீட்டுப் பின்புறத்தில் பத்துப் பழம் கிடைப்பது சிறு காரியமன்று.

நிழலில்லா இடமே தேவை. ஆறடிக்கு ஒரு குழியாக எடுத்து, மக்கிய மாட்டெரு இட்டு, குழிக்கு மூன்று விதை ஊன்றுக. முளைத்தபின் நல்ல நாற்று ஒன்றை மட்டும் விடுக. வெட்டிய லாலான் புல்லைப் பரப்பினால் ஈரம் காக்கும், காயும் மண்ணில் படாது. பிஞ்சைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்தால் பழ ஈ அண்டாது. வெயில் நாளில் மாலைதோறும் வேரில் நீர் ஊற்றுவது பிள்ளைகளின் பொறுப்பாகட்டும். காய் முற்றும் தறுவாயில் நீரைக் குறைத்தல் வேண்டும், இனிப்பு ஏறும்.

காய்க்கு அருகிலுள்ள பற்றுச்சுருள் காய்ந்து, மண்ணில் படிந்த பக்கம் மஞ்சளானால் பறிக்கலாம். முன்னதாகப் பறித்த தர்ப்பூசணி வீட்டில் வைத்தாலும் பழுக்காது. எனவே பிள்ளைகளின் அவசரக் கைகளிலிருந்து அதனைக் காப்பது தாய்மார்களின் கடமை.